12 மி.மீ. பாதையில் மதுரைச் சமவெளி

மதுரை வட்டாரத்தில் மாதிரி ரயில் தளம் அமைப்போருக்கும், கொலுப் பூங்காவில் ரயில் ஓட்டும் வீட்டாருக்கும், விளாச்சேரிப் பொம்மைக் கலைஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மாதிரி ரயில் தளத்தில் பாதை போடும் வேலை சில நாளில் முடிந்துவிடும். பாதையைச் சுற்றியுள்ள நிலம், நீர், மரம், கட்டடம் ஆகியவற்றுக்குத்தான் மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். எந்த ஊர் ரயில் என்று பார்ப்பவருக்குத் தெரிவதும் அவற்றால்தான். கடையில் கிடைக்கும் தள அலங்காரப் பொருள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஊசியிலை மரம், பனி வழியச் சரிந்த கூரை, ஆண்டு முழுதும் வாடாத புல்வெளி என்று அவற்றுக்கு ஒரு தனி ஊர் உண்டு. பக்கத்தில் மஞ்சள் பலகை நட்டு உசிலம்பட்டி என்று எழுதினாலும் அந்த ஊர் உசிலம்பட்டி ஆவதில்லை. மதுரைச் சமவெளிக்கு வேண்டிய பொருளும் கைத்திறனும் மதுரையைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றை எந்த அளவில், எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதே இம்மடலின் பொருள்.

இந்த வட்டாரத்தில் மாதிரிக்கு மிகப் பொருத்தமான பாதை மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை. 1928இல் திறக்கப்பட்ட 90 கி.மீ. கிளைப் பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு முடிவில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மாற்றிய பாதையில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் மாதம் போடி வரையும் பயணிகள் ரயில் வந்தது. பழைய மீட்டர்கேஜ் பாதையை இனிப் பார்க்க வழி இல்லை என்பதே அதை மாதிரியில் கட்டுவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் அதன் நிலவகை. நகரத்தின் மேற்கு விளிம்பிலிருந்து நாகமலை அடிவாரம், வடபழஞ்சி, உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலம், ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஏலக்காய் வணிகத்தின் ஊரான போடி என்று ஒரே கிளைப் பாதையில் இத்தனை மாற்றம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

முதலில் அளவு விகிதம். உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது 1:87, ஹெச்.ஓ. என்பது அதன் பெயர். 1998இல் திறக்கப்பட்ட புனே ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகமும், 2001இல் தொடங்கிய ஹாம்பர்க் மினியாட்டூர் வுண்டர்லாண்டும் இந்த விகிதத்தில் அமைந்தவை. அதன் வழக்கமான பாதை அகலம் 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும், அது ஐரோப்பிய, அமெரிக்க நிலை அகலம். இந்திய அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் அதற்கு 19 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். எனவே 16.5 மி.மீ. பாதையில் ஓடும் இந்திய வண்டி எப்போதும் கொஞ்சம் ஒடுங்கிய காலுடன் நிற்கும். மீட்டர்கேஜுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ.; சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. பாதை ஏறக்குறைய சரியாகவே பொருந்திவிடும். ஒய்.பி. நீராவி எஞ்சினையும் ஒய்.டி.எம்.4 டீசலையும் ஆர்வலர்கள் பெரும்பாலும் கையால்தான் கட்ட வேண்டியிருக்கும். அது தனி வேலை. நிலம் அமைப்பதை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

விகிதம் முடிவானதும் கணக்கு கண்டிப்பாகிவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் நிலம் பதினொன்றரை மீட்டராகும். போடிப் பாதை முழுவதையும் 1:87இல் கட்ட ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம் தேவைப்படும். சுவரோரம் 2.4 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பலகை, உண்மையில் சுமார் 200 மீட்டர் நிலத்தை மட்டுமே கொள்ளும். மூன்று பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தாலே 90 செ.மீ.யை நெருங்கும். ஆகையால் பாதை முழுவதையும் சுருக்கித் திணிப்பதைவிட இரண்டு மூன்று காட்சிகளைத் தேர்ந்து, இடையில் உள்ளதை மறைத்துவிடுவதே நல்லது. கணவாய்ப் பாறை வெட்டு ஒரு காட்சியை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் திரையாக நன்றாகவே பயன்படும்.

காலத்தையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கியது. 1970 என்று குறித்த தளத்தில் அதற்கு இடம் இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கும் பேருந்து 1972க்குப் பிறகு, 1997க்கு முன் என்றால் அதில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருக்க வேண்டும். 1928ஐக் காட்ட விரும்பினால் சீமைக் கருவேலப் புதரை நட முடியாது. அது இந்த அளவுக்கு மண்டியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முந்தைய காட்சிக்கு நாட்டுக் கருவேலமும், குடை விரித்தாற்போல் தட்டையாகப் படரும் உடைமரமும் வேண்டும்.

சமவெளியைக் கட்டுவது மலையைக் கட்டுவதைவிடக் கடினம். இதைப் பலர் நம்புவதில்லை. தட்டையான ஊர்தானே என்று ஒரு பிளைவுட் பலகையில் பாதையை ஆணி அடித்துப் பச்சைத் தூள் தூவினால், வண்டி மேசை மேல்தான் ஓடும். உண்மையில் மதுரைப் பக்கத்துச் சமவெளி தட்டை அல்ல. அதன் ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு மீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. வயல் பள்ளத்தில் கிடக்கும். வரப்பு அதைவிட ஒரு சாண் உயரம். கண்மாய்க் கரை ஆள் உயரத்துக்கு மேல். மழைக்காலத்தில் நீர் சூழும் என்பதால் ரயில் பாதை மண் மேட்டின் மீது போகும். ஒன்றரை மீட்டர் மேடு 1:87இல் 17 மி.மீ. இதைக் காட்ட, பலகையின் மேல் 5 செ.மீ. தடிமனுள்ள கெட்டி ஃபோம் அட்டையைப் பரப்பி, பாதை போகும் கோட்டை மட்டும் முழு உயரத்தில் விட்டு, மற்ற நிலத்தைச் செதுக்கித் தாழ்த்த வேண்டும். பாதையை உயர்த்துவதைவிட நிலத்தை இறக்குவது எளிது. இறக்கிய இடத்தில் ஓடை, அதன் மேல் இரண்டு கண் உள்ள சின்னப் பாலம், பக்கத்தில் மடை என்று அமையும்போது, வண்டி எதன் மேல் போகிறது என்பதற்கு விடை கிடைத்துவிடும். பந்தல் அலங்காரத்துக்கு வாங்கும் மலிவான தெர்மோகோல் மணி மணியாக உதிரும். அடர்த்தியான அட்டையே செதுக்க நல்லது. இரண்டையுமே தின்னரும் ஸ்பிரே பெயின்ட்டும் கரைத்துவிடும் என்பதால் தண்ணீரில் கரையும் வண்ணமே பாதுகாப்பு.

மண் நிறத்தில் இந்த வட்டாரம் இரண்டுபட்டது. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல், பருத்தி விளைந்த நிலம். மதுரையைச் சுற்றியும் உசிலம்பட்டிப் பக்கமும் செம்மண் மிகுதி. அந்தந்த இடத்து மண்ணையே எடுத்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மெல்லிய துணியில் சலித்துத் தூவினால் நிறம் தானே சரியாகும். வைகை மணலை மட்டும் மணலாகப் பயன்படுத்தக் கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் துகள் 1:87இல் நான்கரை செ.மீ. கல்லுக்குச் சமம். இந்திய ரயில்வே ஜல்லியின் அளவு ஏறக்குறைய 5 செ.மீ. என்பதால், சலித்த ஆற்று மணல் தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியாகவே அழகாகப் பொருந்தும். ஆற்றுப் படுகையைக் காட்டத் துணி சலித்த கல்மாவுதான் வேண்டும். ஜல்லியைப் பரப்பித் தூரிகையால் ஒழுங்குசெய்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுக் குழலால் விட்டால், துகள்கள் நகராமல் பசை உள்ளே இறங்கும். சோப்புத் துளி இல்லாவிட்டால் பசை மேலேயே முத்தாக நின்றுவிடும்.

மலைக்கு வந்தால், அயல்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும் முறை இங்கே தவறாகப் போகும். அவை கரடுமுரடாக உடைந்த ஆல்ப்ஸ் பாறைக்கு ரப்பர் அச்சு தருகின்றன. ஆனைமலையும் திருப்பரங்குன்றமும் சமணர் மலையும் மொழுக்கென்று எழுந்த பாறைத் திரள்கள். அவற்றின் மேல் விரிசல் குறைவு. வெங்காயத் தோல் கழன்றாற்போல் பாளம் பாளமாகப் பெயர்ந்த வளைவுகள்தான் உண்டு. எனவே ஃபோம் அட்டையை வளைவாகச் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அடிநிறம் சாம்பலில் மிகச் சிறிதளவு இளஞ்சிவப்பு கலந்தது. உச்சியிலிருந்து மழைநீர் வழியும் தடங்களில் பாறை கருத்திருக்கும். நீர்த்த கறுப்பை உச்சியில் தொட்டுத் தானே ஒழுக விட்டால் அந்தக் கோடுகள் வந்துவிடும். இந்தக் கறுப்புக் கோடு இல்லாத மதுரை மலையை ஊர்க்காரர் அடையாளம் காண மாட்டார். அடிவாரத்தில் உருண்ட குண்டுப் பாறைகளும், இடுக்குகளில் மட்டும் புதரும் போதும். உச்சி வரை பச்சை பூசுவது பெரும் பிழை.

மலையை முழு அளவில் கட்ட எந்த வீட்டிலும் இடம் இருக்காது. பின்சுவர்ப் பலகையில் தொலைவு மலையை வெளிறிய நீலச் சாம்பலில் தீட்டி, அதற்கு முன்னால் இரண்டு மூன்று செ.மீ. தடிமனுள்ள பாதி உருவ மலையை ஒட்டி, அதற்கு முன்னால் மட்டுமே முழு உருவம் அமைப்பது வழக்கம். கோபுரத்துக்கும் இதே உத்தி. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம். 1:87இல் 60 செ.மீ. வரும். தளத்தில் உள்ள எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். நகரத்துக்குள் நுழையும் ரயிலிலிருந்து தெரிவதுபோல, வீட்டு மாடிகளுக்கு மேலே பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்தில் ஒரு மங்கிய உருவமாக நிறுத்தினால் தொலைவும் கிடைக்கும், ஊரும் தெரியும். சிற்பங்களைத் தனித்தனியே காட்ட முயன்றால் கோபுரம் உடனே பக்கத்தில் வந்துவிடும்.

போடிப் பாதையின் மதுரைப் பக்கத்துக் காட்சியாகக் கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்வது நல்ல தேர்வு. சமணர் மலையின் அடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம் என்று ஒரு முழுக் காட்சி அங்கே ஏற்கெனவே அமைந்திருக்கிறது. தண்டவாளத்தைக் குளத்துக்கு அருகே கொண்டுவருவது மாதிரிக்காரர் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம்.

நீரைக் காட்டக் கொலுப் பூங்காவில் கண்ணாடித் துண்டு வைப்பது பழைய வழக்கம். கொலுவுக்கு அது அழகு. கண்மாய்க்கு ஒத்துவராது, ஏனெனில் கண்மாய் நீர் மண் கலங்கியது. படுகையை நடுவில் கரும்பழுப்பாகவும் ஓரத்தில் செம்பழுப்பாகவும் தீட்டி, மேலே பளபளப்பான வார்னிஷைப் பல மெல்லிய பூச்சாக இட வேண்டும். இரு திரவம் கலந்து ஊற்றும் ரெசின் கெட்டியாகும்போது சூடாகும். மதுரை வெயிலில் அது இன்னும் விரைவாகச் சூடேறி அடியிலுள்ள ஃபோமை உருக்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று மி.மீ. தடிமனுக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. வைகைக்கு இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அது அகன்ற மணல், ஓர் ஓரத்தில் மெல்லிய நீர்க்கோடு, நாணல். மதுரைக்கும் கூடல்நகருக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தைக் கட்டுபவர் மணலுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

பயிர், பருவத்தைச் சொல்லிவிடும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகை வழியே பாயும் பகுதிகளில் நெல் நிறைந்திருக்கும். உசிலம்பட்டி மானாவாரியில் அது பொருந்தாது. நெற்பயிருக்குப் பச்சைச் சாயமேற்றிய தென்னை நாரை 8 முதல் 10 மி.மீ. உயரத்துக்கு நறுக்கி வரிசையாக ஊன்றலாம். நாற்று நட்ட வயல் என்றால் அடியில் வார்னிஷ் பளபளப்பு வேண்டும். சோழவந்தான் பக்கத்தைக் கட்டுவோர் வெற்றிலைக் கொடிக்காலை விட்டுவிடக் கூடாது. அகத்தி வரிசைகளின் நெருக்கமான நிழல், வெளியே வெயில் அடித்த வயல் என்ற வேறுபாடு ரயில் ஜன்னலிலிருந்தே தெரிவது. கொலுப் பூங்காவில் கடுகும் வெந்தயமும் முளைக்க வைப்பது இன்னொரு நல்ல மரபு. ஆனால் 5 செ.மீ. முளை 1:87இல் நான்கு மீட்டருக்கு மேல் வளர்ந்த காடாகிவிடும்.

மரங்களில் பனை முதலிடம் பெறும். 20 மீட்டர்ப் பனை 23 செ.மீ. உயரம் வரும், 3 மி.மீ. மூங்கில் குச்சி அதன் தடிமனுக்குச் சரி. ஓலைக்கு, ஒன்றரை செ.மீ. குறுக்களவுள்ள காகித வட்டத்தை விசிறிபோல் மடித்து, விளிம்பைக் கீறி, சாம்பல் படிந்த பச்சையில் தீட்டி, குச்சி முனையில் முப்பது ஓலை வரை ஒட்ட வேண்டும். கீழ்வரிசை ஓலைகள் பழுத்துத் தொங்கும் பழுப்பு நிறத்தில் இருந்தால்தான் அது ஏறுவாரற்ற இன்றைய பனை. அவை இல்லாமல் சுத்தமாக இருந்தால் பதநீர் இறக்கும் காலத்துப் பனை. இந்தச் சிறு வேறுபாட்டிலேயே தளத்தின் காலம் வெளிப்பட்டுவிடுகிறது. வேம்பு, புங்கை போன்ற அடர்ந்த மரங்களுக்குப் பழைய மோட்டார்ச் சுருளின் செப்புக் கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, மிக்சியில் அரைத்துச் சாயமேற்றிய ஸ்பான்ஜ் தூளை ஒட்டுவது எல்லா நாட்டு ஆர்வலர்களும் செய்யும் முறை. கருவேலம் போன்ற மெல்லிய, ஊடே வெளிச்சம் தெரியும் மரத்துக்கு வெட்டிவேர் நார் அருமையாக உதவும்.

கட்டடத்தை அளக்கக் கதவே அளவுகோல். நிலையக் கதவு 2.1 மீட்டர் என்று கொண்டால் 24 மி.மீ.; பழைய புகைப்படத்தில் கதவோடு ஒப்பிட்டு மற்ற உயரங்களைக் கணக்கிடலாம். கிளைப் பாதையின் சிறு நிலையம் எளிய கட்டடம்: சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், மங்களூர் ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ் கூரை, வெளியே கல் பெஞ்சு, டிக்கெட் ஜன்னலில் கம்பி. ஓட்டுக்கு 3 மி.மீ. நெளிவுள்ள அட்டையைக் கீற்றாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் போதும். மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து, மூன்று மொழிப் பெயர், கீழே கடல்மட்ட உயரம். கைகாட்டி மரமும், கேங்மேன் கருவிகள் வைக்கும் குடிசையும், கேட் அருகே டீக்கடையும் நிலையத்தைவிடச் சிறியவை; ஆனால் பார்ப்பவர் கண் முதலில் போவது டீக்கடைக்குத்தான். புதிதாகத் தீட்டிய சுவர் பொம்மைபோல் தெரியும். மழைத்துளி தெறித்து அடிச்சுவரில் ஏறிய செம்மண் கறையை 4, 5 மி.மீ. உயரம் வரை உலர்ந்த தூரிகையால் தொட்டுவிட்டால் கட்டடம் தரையில் உட்காரும்.

இந்த இடத்தில்தான் விளாச்சேரிக்கு வேலை இருக்கிறது. திருப்பரங்குன்றம் அருகிலுள்ள அந்த ஊரின் கலைஞர்கள் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பிளாஸ்டரிலும் கொலுப் பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் உருவங்களைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறவர்கள். மாதிரி ரயிலுக்கு அவர்களிடம் கிடைக்கக்கூடியது பொம்மையைவிட அச்சு வேலை. ஒரே ஜன்னல், ஒரே தூண், ஒரே பிளாட்பாரக் கல் விளிம்பு இருபது முப்பது தேவைப்படும் தளத்தில், ஒன்றை நன்றாகச் செதுக்கி அச்செடுத்து வார்ப்பதுதான் சிக்கனம். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கக்கூடும் என்பதால், அளவு பிசகக் கூடாத கட்டட உறுப்புகளுக்குப் பிளாஸ்டர் நல்லது. களிமண் அய்யனார் கோயில் புரவிக்கு உகந்தது. நான்கு மீட்டர் உயரப் புரவி நாலரை செ.மீ. வரும், நிஜத்தில் சுட்ட மண்ணான ஒன்றை மாதிரியிலும் சுட்ட மண்ணிலேயே செய்துவிடலாம்.

அளவு விஷயத்தில் கொலுவுக்கும் மாதிரி ரயிலுக்கும் ஒத்துப்போகாது. 15 செ.மீ. செட்டியார் பொம்மை 1:87 ரயிலின் அருகில் 13 மீட்டர் உயர மனிதராக நிற்பார். கொலுவில் அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் வேண்டாம். தளத்தில் நிற்கும் மனிதர் 19 மி.மீ. மட்டுமே. கடையில் கிடைக்கும் அந்த அளவு உருவங்கள் கோட்டும் தொப்பியும் அணிந்தவை. தொப்பியைச் சீவி, பசை தோய்த்த மெல்லிய காகிதத்தை இடுப்பில் சுற்றினால் வேட்டியாகும், தோளில் கொண்டுபோனால் சேலையாகும். தலைச்சுமைக் கூடைக்கு மிளகு அளவுக் களிமண் உருண்டை போதும். ஆட்கள் எல்லாரும் நிழலில் நிற்க வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாத விதி. மதுரை நண்பகலில் வெட்டவெளிப் பிளாட்பாரத்தில் யாரும் நிற்பதில்லை.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து விழ வேண்டும். தளத்தின் மட்டம் பார்ப்பவரின் நெஞ்சு உயரத்தில் இருந்தால் பாறையும் கோபுரமும் நிமிர்ந்து தெரியும். மேசை உயரத்தில் வைத்தால் எல்லாமே மேலிருந்து பார்க்கும் வரைபடமாகிவிடும்.

பராமரிப்பில் இந்த ஊருக்கென்று மூன்று தொல்லைகள் உண்டு. கோடையில் தண்டவாளம் நீளும். ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால் பாதை நெளியாது. மரத்தூளுக்கும் காகிதக்கூழுக்கும் பூச்சி வரும். மைதாப் பசை காய்ச்சும்போது புத்தகம் கட்டுவோர் செய்வதுபோல் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது நல்லது. அது நஞ்சு என்பதால் சிறுவர் கைக்கு எட்டக் கூடாது. புழுதி எப்போதும் வரும். ஓடாத நாளில் தளத்தைத் துணியால் மூடி, ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தின் மேல்முகத்தை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மரத்திலும் ஓட்டிலும் படியும் புழுதியைக் கொஞ்சம் விட்டுவைத்தாலும் கெடுதல் இல்லை.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர் ஒருவர்,
மதுரை